முன்கையின் உள்பக்கம்

மணிக்கட்டை முதலில் மடக்க வேண்டும். விரல்களைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் இன்னும் இறுகும், பிசியோதெரபிக்கு வந்துகொண்டிருந்தவர் இழுத்து இழுத்துத்தான் அம்மா அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். கலாமணி அம்மாவின் வலது கையைத் தன் மடியில் விரித்திருந்த துண்டின்மேல் வைத்து மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினாள். மடக்கினால் முன்கையிலிருந்து விரல்நுனி வரை ஓடுகிற நாண்கள் தளரும், தளர்ந்தால் விரல்கள் தாமாகக் கொஞ்சம் இடம்விடும், அந்த இடத்தில் தன் சுண்டுவிரலை நுழைத்துக்கொண்டால் போதும், பிறகு நிதானமாகப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி இல்லை. அவிநாசியில் இந்த மாடிவீட்டின் பின்பக்க பால்கனியில் காலை வெயில் சுவரில் பாதிவரை இறங்கியிருந்தது, அம்மா பழனாத்தாள் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எதிர்வீட்டு மொட்டைமாடியில் யாரோ மிளகாய் காயவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசினில் வெந்நீர், சோப்பு, நகவெட்டி, பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டிய துணி. வாரத்துக்கு ஒருமுறை இது. கட்டைவிரலை அடியில் பிடித்து வெளியே எடுத்தாள், வந்தது. ஆள்காட்டி வந்தது. நடுவிரல் வரும்போதே அந்த வாசம் எழுந்தது, மூடியே கிடக்கிற உள்ளங்கையின் வாசம், புளித்த மாவும் ஈரத்துணியும் கலந்த மாதிரி, அவளுக்கு அது இப்போது பழகிவிட்டது, பழகிவிட்டதே என்பதுதான் பழகவில்லை. மோதிரவிரலைத் தூக்கியபோது போன வாரம் இல்லாத ஒன்று தெரிந்தது. நகம் உள்ளங்கையில் புதைந்து புண் ஆகியிருந்தது. சின்னப் புண். ஓரம் வெளுத்து, நடுவில் சிவந்து. போன வாரம் நகத்தை ஒட்ட வெட்டித்தானே விட்டோம், வெட்டினோமா, அன்றைக்குத் தேர்வு விடைத்தாள் கட்டு வந்துவிட்டது, அவசரமாக முடித்தோம், இல்லை, வெட்டினோம், நகம் வளர்வதற்கு யாரையும் கேட்பதில்லை, உயிர் போன கையிலும் அது பாட்டுக்கு வளர்கிறது.

உயிர் போன கை என்று ஏன் நினைத்தோம். உயிர் போன கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், பத்தொன்பது வருஷமாக அதைத்தான் வகுப்பெடுக்கிறாள். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகள் உடற்கூறு அறைக்குள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நுழைவார்கள், ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும், ஸ்டீல் மேசைமேல் முன்கையின் உள்பக்கம் வானத்தைப் பார்க்கக் கிடக்கும், அவள் தோலை விலக்கிக் காட்டுவாள். விரலை மடக்குகிற சதை விரலில் இல்லை, பாருங்க, விரல் வெறும் எலும்பு, தோல், நாண். சதை எல்லாம் இங்கே, முழங்கைக்குப் பக்கத்தில். மேல் அடுக்கில் நாலு நாண், கீழடுக்கில் நாலு, கட்டைவிரலுக்கு ஒன்று, ஒன்பதும் மணிக்கட்டில் ஒரு குறுகலான வழியாகக் கைக்குள் போகிறது. சொல்லிவிட்டு இடுக்கியால் ஒரு நாணைப் பிடித்து முழங்கைப் பக்கம் இழுப்பாள். மேசைமேல் செத்த விரல் மடங்கும். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று போகும் அறையில், யாராவது ஒரு பெண் 'அம்மா' என்று பின்னால் நகர்வாள். கலாமணி சிரிப்பாள். பயப்படாதீங்க, கயிறுதான், இழுத்தா வரும். கயிறுதான். அம்மாவின் முன்கை அப்போதெல்லாம் எப்படி இருக்கும், ஒல்லி, ஆனால் பேசும்போது தோலுக்கடியில் அந்தச் சதைகள் ஒன்றன்மேல் ஒன்று எலி ஓடுகிற மாதிரி ஓடும். பிறவியிலேயே காது கேட்காதவள் அம்மா. அப்பாவும் அப்படித்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு பேரும் பிசிறு வெட்டுகிற மேசையில் எதிரெதிரே நின்றவர்கள், மிஷின் இரைச்சலில் மற்றவர்கள் காதோடு வாய்வைத்துக் கத்திக்கொண்டிருக்க இவர்கள் மட்டும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு சாவகாசமாகக் கையால் பேசிச் சிரித்துக்கொள்வார்களாம். அந்தக் கையில்தான் கலாமணி பேசப் பழகினாள். வாய்ப்பேச்சு பிறகு வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து, ரேடியோவிலிருந்து. கோபம் கையில்தான் வந்தது முதலில், கொஞ்சல் கையில்தான், 'போதும் வை' என்று தட்டில் குறுக்கே விழுகிற உள்ளங்கை, 'எங்கே போய்த் தொலைஞ்சே' என்று காற்றைக் கிழிக்கிற இரண்டு விரல். அவளுக்கு அம்மா வைத்த பெயருக்கு ஒலி கிடையாது. காதுக்குக் கீழே அவளுக்கு ஒரு மச்சம், அந்த இடத்தை ஆள்காட்டி விரலால் தொட்டு எடுத்தால் அது அவள். கலாமணி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்க வைத்தது. மாசி மாதத்திலிருந்து அவளை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

மாசியில் ஒருநாள் காலையில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா அப்படியே கரண்டியோடு சரிந்தாள். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால். கால் மெல்ல மெல்ல வந்துவிட்டது, பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், நல்ல மனிதர்தான், இளைத்த முகம், ராத்திரியெல்லாம் தூங்காதவர் போல இருந்தார், அவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இந்த இடத்துல அடைச்சா பொதுவா பேச்சு போயிரும்ங்க மேடம். உங்கம்மாவுக்கு அந்தக் கவலை இல்ல, ஏற்கெனவே பேசாதவங்கதானே." ஆறுதலாகத்தான் சொன்னார். பேச்சு நாக்கில் இல்லை, காதில் இல்லை, இடப்பக்க மூளையில் இருக்கிறது, கையால் பேசுகிறவர்களுக்கும் அங்கேதான் இருக்கிறது, இது உங்களுக்கே தெரியுமே டாக்டர் என்று பிற்பாடு மனசுக்குள் எத்தனையோ தடவை சொன்னாள், பஸ்ஸில், குளிக்கும்போது, கரும்பலகையில் மூளையை வரைந்துகொண்டிருக்கும்போது. இடது கைதான் நன்றாக இருக்கிறதே, அதில் பேசச் சொல்லுங்கள் என்றார்கள் எல்லோரும். இடது கை பேசத்தான் பார்த்தது. தண்ணீர் கேட்க நினைத்து ஆடு என்றது. ஆடு என்று காட்டிவிட்டு, அது இல்லை என்று தானே தலையை ஆட்டி, மறுபடியும் ஆடு, மறுபடியும், பிறகு ஒரு பாத்திரம், ஒரு கொம்பு, ஒன்றுமில்லாத ஒன்று. குளறல். கையில் குளறல் என்றால் யார் நம்புகிறார்கள், பார்க்கிறவர்களுக்கு அதுவும் சைகை, இதுவும் சைகை. அம்மாவுக்குத் தெரிந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கையையும் நிறுத்திக்கொண்டாள். இப்போது பகல் முழுக்க இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், தூங்குகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருப்பவள் போல. அதைப் பார்க்கும்போதெல்லாம் கலாமணி, எவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறாள், விட மாட்டாள் என்று நினைத்துக்கொள்வாள்.

பேசினில் தண்ணீர் ஆறியிருந்தது. கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றிக் கலந்து உள்ளங்கையைக் கழுவினாள், விரல் இடுக்கில் அழுக்கு திரிதிரியாக வந்தது, புண்ணைத் தொடாமல் சுற்றிப் போனாள். அம்மா கொட்டாவி விட்டாள். விடும்போதே வலது கை கலாமணியின் மடியிலிருந்து ஒரு சாண் எழுந்தது, விரல்கள் லேசாக மலர்ந்தன, கொட்டாவி முடிந்ததும் விழுந்தது. முதல்முறை இது நடந்தபோது கலாமணி எழுந்து நின்றுவிட்டாள். தம்பி திருமூர்த்திக்கு உடனே போன் போட்டு, 'டேய், கை எந்திரிச்சுதுடா' என்றாள், அவன் பெங்களூரில் ஆபீஸில் இருந்து அழுதான். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது, படித்ததுதான், பக்கவாதம் வந்த கை கொட்டாவியில் எழும், மூளையின் அடித்தண்டு செய்கிற வேலை, அவர்களுடைய எண்ணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தம்பியிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை. அப்புறம் சொன்னாள். சொன்ன பிறகும் அம்மாவுக்கு எப்போது கொட்டாவி வரும் என்று மத்தியானங்களில் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதை அவளால் நிறுத்த முடியவில்லை. அந்தக் கை எழும்போது அதில் ஏதாவது ஒரு சொல்லின் தொடக்கம் இருக்கிறதா என்று பார்ப்பாள். 'வா' என்பது ஏறக்குறைய அப்படித்தான் தொடங்கும். 'என்ன' என்பதும். ஒருநாள், யாரும் பார்க்கவில்லை, அவளும் பதிலுக்கு, 'என்னம்மா' என்று கை காட்டினாள்.

போன் அடித்தது. ஈரக்கையோடு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, என்ன பண்றே?"

"அம்மாளுக்கு நகம் வெட்டிட்டு இருக்கறேன்."

"ஆபரேஷனுக்குச் சரியான்னு நாளைக்கு டாக்டருக்குச் சொல்லோணுமல்லக்கா. நானும் லீவு சொல்லோணும். என்ன முடிவு பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல."

"இதுல இன்னி என்ன யோசனை? நாலு நரம்ப வெட்டி உட்டா கை தொறந்துக்கும்ங்கறாரு. புண்ணு வராது, நாத்தம் வராது, உனக்கும் இந்த வேல மிச்சம்."

"நரம்பு இல்லடா. நாண்."

"சரி, நாண். எதோ ஒண்ணு."

"வெட்டிட்டா அதுக்கப்பறம் அது எதையும் புடிக்காதுடா. தொங்கும். ஒட்ட வெக்க முடியாது."

"இப்ப மட்டும் என்னத்தக்கா புடிக்குது?" அவன் குரல் இறங்கியது. கோபமில்லை. "அம்மாகிட்டக் கேட்டியா?"

"அவுங்களுக்குப் புரியாதுடா."

அவனுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருக்கிற சத்தம். "சரிக்கா, சாய்ங்காலம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான்.

அவர்களுக்குப் புரியாது. சொன்னது தன் வாய்தானா. நகவெட்டியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தை வெட்டினாள், கிளிக், பாதி நிலா போல ஒன்று துண்டில் விழுந்தது. அந்த டாக்டர் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், ஏற்கெனவே பேசாதவங்கதானே, அவுங்களுக்குப் புரியாதுடா. இல்லை, வித்தியாசம் உண்டு, எனக்குக் காரணம் இருக்கிறது, ஸ்கேன் பார்த்திருக்கிறேன், எந்த இடம் போயிருக்கிறது என்று தெரியும். ஆனால் மிளகாய் காய்கிறது என்று சொன்னால் எட்டிப் பார்க்கிறாள், தம்பி வருகிறான் என்றால் முகம் மாறுகிறது, புரிந்துகொள்வது போகவில்லை, திருப்பிச் சொல்வதுதான் போயிருக்கிறது. இது தெரியும். தெரிந்துதான் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் இருந்தாள். ஆள்காட்டி, கிளிக். மணிக்கட்டுக்கு மேலே, முன்கையின் உள்பக்கம், மூன்று விரல் அகலத்தில் ஒரு கீறல் போடுவார்கள். மேலடுக்கு நாலு, அதைத் தூக்கி அடியில் நாலு, கட்டைவிரலுக்கு ஒன்று. கத்தியும் கையுமாக அவள் எத்தனை முறை அந்த இடத்தைத் திறந்திருக்கிறாள், கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எங்கே என்று சொல்வாள், மேலடுக்கில் நடுவிரலும் மோதிரவிரலும் முன்னால், ஆள்காட்டியும் சுண்டுவிரலும் பின்னால், நடுநரம்பு இடையில், பத்திரம், அதை மட்டும் தொட்டுவிடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்வாள், செத்த நரம்புக்கு என்ன பத்திரம். அம்மாவின் சொற்கள் எல்லாம் அந்த மூன்று விரல் அகலத்தின் வழியாகத்தான் வந்தன. சின்ன வயசில் சாயங்காலம் கரண்ட் போனால் வீட்டில் பேச்சே நின்றுபோகும், அம்மாவும் அப்பாவும் இருட்டென்றால் ஊமை. அப்போது அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அவள் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொள்வாள், விரல் மடங்குவதையும் நிமிர்வதையும் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும், 'பசிக்குதா', 'பயமா', 'அப்பா மெழுகுவத்தி தேடறாரு'. கலாமணி சிலநேரம் விரலைத் தொடவே மாட்டாள், முன்கையைப் பிடித்துக்கொள்வாள், அங்கேயே தெரியும், விரல் அசைவதற்கு ஒரு நொடி முன்னால் அங்கே சதை அசையும், சொல் வருவதற்கு முன்னால் சொல் தெரியும். பிற்பாடு எத்தனையோ துறை இருக்க, பிணங்களுக்கு நடுவில் போய் நிற்கிறாளே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவளுக்கு அந்தச் சதைகளின் பெயர் தெரிய வேண்டியிருந்தது, வேறென்ன. நடுவிரல், கிளிக். சில நாளாகக் காலையில் எழும்போது அவளுக்கே வலது கையில் மூன்றரை விரல் மரத்துப்போகிறது, உதறினால் சரியாகிறது, மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, சாதாரணம், நாற்பது தாண்டிய பெண்களுக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்வாள். ஆனால் இருட்டில் கண் விழித்து அந்த மரத்த கையை மறுகையால் தேடி எடுக்கும்போது ஒரு கணம் அது யாருடைய கை என்று தெரிவதில்லை. இந்தக் கையும் போனால் அந்தப் பேச்சு எங்கேயும் இருக்காது. தம்பிக்குப் பாதி மறந்துவிட்டது. அவன் பிள்ளைகளுக்குத் தெரியாது. நாண்களை வெட்டிவிட்டால் கை திறந்துகொள்ளும் என்கிறார்களே, திறந்து என்ன. நாளை ஏதாவது மருந்து வந்தால், மூளை தானே வேறு வழி கண்டுபிடித்தால், சிலருக்கு இரண்டு வருஷம் கழித்துக்கூட வருகிறதாம், வருகிறதாம் என்று யார் சொன்னது, நீ எங்கே படித்தாய், எங்கும் படிக்கவில்லை, பஸ்ஸில் யாரோ சொன்னது. உடற்கூறு வாத்தியார் பஸ்ஸில் கேட்டதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். விரல் வெள்ளையாகிவிட்டது, அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறாள் அம்மாவின் மோதிரவிரலை. விட்டாள்.

நகவெட்டியைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு நேரெதிரே, முழங்கால் முட்ட, உட்கார்ந்தாள். அம்மா மிளகாயிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். பேசப்போகிறவர்கள் இப்படித்தான் உட்காருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கலாமணி கையைத் தூக்கினாள். டாக்டர், என்று காட்டினாள். உன் கை. இங்கே, என்று தன் முன்கையைத் திருப்பி உள்பக்கத்தில் விரலால் கோடு இழுத்தாள். வெட்டுவார். கை திறந்துவிடும். இப்படி, என்று முஷ்டியை விரித்துக் காட்டினாள். அம்மா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி. இனி வருவதைச் சொல்லக் கை எழவில்லை. எழுந்தது. அப்புறம் அது பேசாது. அவர்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு சைகைதான், செத்தவர்களுக்கும் காட்டுவது அதைத்தான், உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே கொண்டுபோவது. அப்பா போனபோது அதைக் காட்டியது அம்மாதான், ஆஸ்பத்திரி வாசலில். கலாமணி அதைக் காட்டினாள். எப்போதும் பேசாது. வேண்டுமா, வேண்டாமா.

அம்மாவின் இடது கை வலது கையை விட்டு எழுந்தது. காற்றில் நின்றது. ஆடு, என்றது. அம்மா தலையை ஆட்டினாள். ஒரு பாத்திரம். இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கையை மடியில் வைத்தாள், புடவையில் துடைத்தாள், எழுதப்போகிற பலகையைத் துடைப்பது மாதிரி. கலாமணிக்குப் போதும் என்று ஆகிவிட்டது, எதற்கு இவளைப் போட்டு வதைக்கிறோம், 'சரி விடு' என்று காட்டக் கையை எடுத்தாள், அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்டு, இடது கையைக் கொண்டுவந்து வலது மணிக்கட்டின்மேல் வைத்து, ஐந்து விரல் நுனியையும் ஒன்றாகக் குவித்து, உதறினாள். முகம் சுருங்கியது. குவித்தாள், உதறினாள். தெளிவாக. குளறலே இல்லாமல். வலிக்கிறது.

கலாமணி உள்ளங்கையைத் தொட்டு, இந்தப் புண்ணா, என்று கேட்டாள். அம்மா இல்லை என்று தலையாட்டி முன்கை முழுக்க, முழங்கை வரை, தடவிக் காட்டினாள். குவித்தாள், உதறினாள். எப்போதிலிருந்து? அம்மா இடது கையைத் தோளுக்குமேல் பின்னால் வீசினாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. ரொம்ப நாளாக. முதலிலிருந்தே. பகல் முழுக்க அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதற்குத்தான். இறுகிப்போன சதை வலிக்கும், ஓயாமல் வலிக்கும், இதையும் அவள் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அம்மா இரண்டு விரலை நீட்டிக் கத்தரி போல அசைத்தாள், இரண்டு தடவை, கம்பெனியில் சரக்கு முடிக்கச் சொல்கிற சூப்பர்வைசரம்மா மாதிரி. வெட்டச் சொல்லு.

"வெட்டிரலாம்" என்றாள் கலாமணி வாய்விட்டு, கேட்காத அம்மாவிடம். பிறகு கையாலும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, சத்தம் போட்டுத்தான் அழுதாள், எதிர்மாடியில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மட்டும் அது கேட்கப்போவதில்லை. அம்மா கொஞ்ச நேரம் அவளை அழவிட்டாள். முந்தானையை எடுத்து அவள் மூக்கைத் துடைத்தாள், சின்னப்பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி அழுத்தி, வலிக்கும்படி. மடியில் கிடந்த வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாக்கி இருந்தன. கலாமணி அவற்றை எடுத்து, புண்ணுக்கு மருந்து வைத்து, நகத்தை ஒட்ட வெட்டி, சுருட்டிய துணியை உள்ளங்கையில் கொடுத்து மூடினாள். துண்டை உதறப் போனபோது அம்மா அவள் தோளைத் தட்டினாள். இடது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, நகங்களைக் காட்டினாள். அந்த நகங்களும் வளர்ந்துதான் இருந்தன. எத்தனை வாரமாக அவற்றைக் கவனிக்கவே இல்லை. நகவெட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கையை வாங்கித் தன் கைக்குள் வைத்தாள். சூடாக இருந்தது. அதைப் பிடித்திருக்கும் வரைக்கும் அம்மாவால் எதுவும் சொல்ல முடியாது, அவளாலும் முடியாது. கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை.